ரெங்கம்மாளின் ஊக்கு

ரெங்கம்மாளின் போனைத் திறந்தால் நாலே நாலு முகங்கள்தான் இருக்கும். புருஷன் கருத்தக்கண்ணன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யா, பெரியப்பா மகன் முத்திருளன், பால் சொசைட்டிக்காரர். யார் முகத்தைத் தொடுகிறாளோ அவருக்கு போன் போகும். எட்டாவது வரை படித்தவள், ரெண்டு மாடு வைத்து, மகளைப் படிக்கவைத்து வேலைக்கும் அனுப்பியவள். அவளுக்கு அந்த நாலு முகம் போதுமானதாக இருந்தது. கருத்தக்கண்ணனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "இதெல்லாம் ஒரு போனா? மரப்பாச்சி" என்பார்.

அவருடைய போன் அவர் சொல்பேச்சு கேட்கும். வேறு யார் சொன்னாலும் கேட்காது. திரையில் ஒரு படம், ஒரு எழுத்து கிடையாது. மூலையில் ரெண்டு விரலால் இழுத்தால் ஒன்று வரும், மூன்று முறை தட்டினால் இன்னொன்று வரும். அணைக்கிற பொத்தானை அமுக்கினால் டார்ச் எரியும். காதில் வைத்தால் அழைப்பை அதுவே எடுக்கும், குப்புறக் கவிழ்த்தால் அதுவே துண்டிக்கும். எழுமலை டீக்கடையில் அதை எடுத்து வித்தை காட்டாத நாளே இல்லை மனிதருக்கு.

கடைசியாகச் செய்த வித்தை மோட்டாருக்கு. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் இருந்தது. அவர் போனிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும். வயலுக்கு நேரம் வைத்து விடும் மும்முனைக் கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டர் அவருக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்த ஒரு நிமிஷத்தில் போன் தானாகவே ஸ்டார்ட்டரை அழைக்கும்படி பத்து நாளைக்கு முன்பு அமைத்துவிட்டார். "இனி நான் ஒறங்குனாலும் வயலு நனையும்டி" என்று சொன்னபோது ரெங்கம்மாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். பாதிதான் காதில் விழுந்தது.

அன்றைக்கு வண்டியூரில் ஒரு காதுகுத்து. அத்தனை வித்தையும் காட்டி இளைத்துப்போன போன் காலையிலேயே சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதை வீட்டில் சொருகிவிட்டு, கூச்சத்தோடு மரப்பாச்சியை எடுத்துக்கொண்டு கருத்தக்கண்ணன் பஸ் ஏறினார்.

ஒரு மணிக்கு முத்திருளன் டூல்ஸ் பையோடு வந்தான். மூன்று நாளாக மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, வெறுமனே சுற்றியது. பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"தங்கச்சி, மோட்டார் செட்டுச் சாவி குடு. கரண்டு வராம பீஸ் கட்டைய உருவிட்டுத்தேன் கெணத்துல எறங்கணும்."

சாவி கருத்தக்கண்ணனின் அரைஞாண் கயிற்றில் வண்டியூருக்குப் போயிருந்தது. முத்திருளன் தன் போனில் அவரைப் பிடித்தான். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடெல்லாம் கேட்டது.

"பீஸ் எதுக்கு மாப்ள? நான் போன் போட்டாத்தான மோட்டாரு ஓடும்? நான் இங்கிட்டு இருக்கேன். தைரியமா எறங்குங்க."

முத்திருளன் தங்கையைப் பார்த்தான். "அவுகதேன் சொல்றாகல்ல, போயிட்டு வாங்கண்ணே. கொழம்பு வச்சு வைக்கிறேன்" என்றாள் ரெங்கம்மாள்.

ரெண்டாக ஏழு நிமிஷம் இருக்கும்போது, சார்ஜில் கிடந்த போன் அடித்தது. வயரைப் பிடுங்கத் திருப்பினாள், கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தது. பச்சைப் பொத்தானைத் தேடினாள், அப்படி ஒன்று இல்லவே இல்லை. மூன்றாம் முறை எரிச்சலில் காதில் வைத்தாள். பேச்சு கேட்டது.

"ரெங்கு! மாப்ள ஏறிட்டாரா?"

"இல்லீங்களே. ஏன் இப்புடி மூச்சு வாங்குது?"

"போச்சுடி. ரெண்டு மணிக்குக் கரண்ட் வரும். வந்தா அந்தப் போனு தானா மோட்டாரப் போட்டுரும். நான் மறந்துட்டேன், சுத்தமா மறந்துட்டேன். மாப்ளைக்குப் போட்டுப் போட்டுப் பாக்குறேன், எடுக்க மாட்டேங்குறாரு."

தவிடும் பத்து நாளைக்கு முந்தைய பேச்சும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தன. அண்ணன் இந்நேரம் பம்பின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டிருப்பான். போயிட்டு வாங்க என்று அனுப்பியதும் அவள்தான்.

"நான் ஓடிர்றேன்."

"ஒன்றர கிலோமீட்டரு ஓடி என்னைக்கிப் போய்ச் சேர? போனு கால் போடுறத நிறுத்து. கீழ் மூலையில ரெண்டு வெரல வச்சு மேல இழு."

காதிலிருந்து எடுத்து இழுத்தாள். பாட்டு பாடியது. அவர் கத்தியது காதில் வைக்காமலே கேட்டது.

"அது எடது மூலை. வலது மூலைல இழு, கால்குலேட்டர் வரும். அதுக்குள்ளதேன் மோட்டாரு செட்டிங்க ஒளிச்சு வச்சிருக்கேன்."

வந்தது. அது ஒன்பது புள்ளிகளைக் காட்டி, கோடு போடு என்றது. அவர் சொன்னபடி போட்டாள். அவசரத்தில் தப்பாகிவிட்டது. மறுபடி போட்டாள். அதுவும் தப்பு, ஐந்து நிமிஷம் கழித்து முயலவும் என்று வந்தது.

"போன ஆஃப்பு பண்ணிரவா?" என்று பொத்தானை அமுக்கினாள். டார்ச் எரிந்தது.

தெரு நாய் விரட்டிய பிள்ளை மாதிரி ஒரு குரலில் கருத்தக்கண்ணன் சொன்னார்: "அதையும் மாத்தி வச்சிருக்கேன்டி."

சுவர்க் கடிகாரத்தில் ரெண்டாக இரண்டு நிமிஷம் இருந்தது. அப்போது போனிலிருந்து நாதஸ்வரம் ஒலித்தது. மோட்டார் செய்திக்கென்று அவர் ஆசையாக வைத்த ராகம். கரண்ட் முந்திக்கொண்டு வந்துவிட்டது. திரையில் அறுபது என்று எண் வந்து, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று இறங்கியது.

வாயில் வந்த வசவை எல்லாம் அவள் விழுங்கினாள். தரையில் அடித்து உடைக்கலாமா? உடைந்தும் அழைத்துவிட்டால்? தண்ணீரில் போடலாமா? மழையில் நனைந்தும் இந்தச் சனியன் பாடியதுண்டே. நாற்பது. அந்த மினுக்கும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போனை ஒரு டப்பாவைப் போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். விலாவில் ஊசித்துவாரம் ஒன்று இருந்தது. உசிலம்பட்டி கடையில் இவளுக்கு சிம் போட்டவன் இப்படியொரு துவாரத்தில்தான் கம்பியைக் குத்தினான்.

தாலிக்கயிற்றில் எந்நேரமும் ஊக்கு கிடக்கும். பிடுங்கி விரித்தாள். முதல் குத்து வழுக்கி கட்டைவிரலில் ஏறியது. ரத்தத்தைச் சேலையில் துடைத்தாள். பதினெட்டு. மறுபடி குத்தி, பல்லைக் கடித்து அழுத்தினாள். தகடு வெளியே வந்தது. விரலிடுக்கில் சிம்மை உருவினாள். புருஷனின் குரல் பாதியில் அறுந்தது.

மூன்று, இரண்டு, ஒன்று. போன் ஸ்டார்ட்டரை அழைக்கப் பார்த்தது. சிம் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றது.

அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பில்லாமல் வரப்பிலேயே ஓடினாள். கிணற்றுமேட்டில் முத்திருளனின் சட்டை மடித்துக் கிடந்தது. சட்டைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்காமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பம்புக்குள் முழங்கைவரை கையை விட்டபடி முத்திருளன் நிமிர்ந்தான்.

"என்ன தங்கச்சி, இந்த வெயில்ல? கரண்ட் வந்துருச்சா?"

"கைய எடுங்கண்ணே" என்றாள். "மொதல்ல கைய எடுத்துட்டு மேல வாங்க."

அவன் படியேறத் தொடங்கிய பிறகுதான் போனை எடுத்தாள். அது அவளுடைய போனிலிருந்து வந்த அழைப்பு. வண்டியூர்ப் பந்தலில் நின்று மரப்பாச்சியில் முத்திருளன் முகத்தையே தொட்டுத் தொட்டு அழைத்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன். "ஏறிட்டாரு" என்று அவள் சொன்னதும், நாலு பேர் பார்க்க அந்த மனிதர் அழுத சத்தம் கேட்டது.

சாயங்காலம் கருத்தக்கண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். முத்திருளன் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் மனைவி பக்கம் போனார். மெதுவாகக் கேட்டார்.

"ரெங்கு, அந்த சிம்மு?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"செட்டுச் சாவியக் குடுங்க."

அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில், யார் வேண்டுமானாலும் எட்டி எடுக்கிற உயரத்தில், அதை மாட்டினாள். "இனிமே மோட்டாருக்கு நடந்துபோய்த்தேன் சுச்சு போடணும். அந்த ஸ்டார்ட்டர் சிம்மையும் நாளைக்குக் கழட்டிருவோம்" என்றாள். அவர் தலையாட்டினார்.

பிறகு அண்ணனுக்குக் குழம்பு ஊற்ற உட்கார்ந்தாள். முத்திருளன் சோற்றைப் பிசைந்தான். அவள் கரண்டியைப் பிடித்தபடி அவனுடைய வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் இருந்தன.