வாய்க்குள் ஒரு டிரில்லிங் மெஷின்

ஓசூரில் கான்ட்ராக்ட் ஆளாக டிரில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது, நிரந்தர வேலைக்கான தேர்வை ஒரு கடைவாய்ப்பல்லால் கோட்டைவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. வலி தாங்காமல் தேர்வுக்கு முந்தைய நாள் வேர் சிகிச்சைக்குப் போயிருந்தேன். பல் டாக்டரம்மா ஃபைல் என்கிற ஊசி போன்ற மெல்லிய அரத்தை விரலால் திருகித் திருகி வேருக்குள் சுத்தம் செய்தார். பொறுமையாகத்தான் செய்தார். ஆனால் மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்கியதும் கன்னம் வீங்கி, வலியில் உயிர் போனது. தேர்வுக்குப் போகவில்லை. இன்னொரு வருடம் கான்ட்ராக்ட்டிலேயே ஓடியது.

அடுத்த தேர்வு நெருங்கியபோது மறுபக்கத்துப் பல் வலிக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பாகலூரிலிருந்து வேலைக்கு வரும் என் கூட்டாளி, பாதி தமிழும் பாதி கன்னடமுமாக, பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார் என்றான். பல்லையும் விடுவதில்லை, தேர்வையும் விடுவதில்லை என்று அதே கிளினிக்குக்குப் போனேன்.

இந்த முறை டாக்டரம்மா ஒரு மோட்டார் வாங்கி வைத்திருந்தார். அதில் ஃபைலை மாட்டிச் சுழலவிட்டுச் செய்யலாம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மெஷினில் துளை போடும் பிட், துளைக்குள்ளேயே உடைந்து சிக்கினால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இரும்பென்றால் ஸ்கிராப்பில் போடலாம், தாடையை எங்கே போடுவது? கையாலேயே செய்யுங்கள் என்று அடம்பிடித்தேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு ஃபைலை வளைத்துக் காட்டினார், விட்டதும் நேரானது. கையால் உள்ளே விட்டு இழுக்கும்போது வேரிலிருக்கும் அழுக்கு கொஞ்சம் நுனியைத் தாண்டிப் போய்விடும், பிறகு வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். சுழலும் ஃபைல் அதைப் பெரும்பாலும் மேலே கொண்டுவந்துவிடுமாம். துளை போடும்போது இரும்புச் சுருள் மேலேறி வருவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"வலியே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். போன தடவை மாதிரி இருக்க வாய்ப்பு கம்மி," என்றார்.

ஃபைல் உடையுமா என்று கேட்டேன். பழசானால் உடைய வாய்ப்பு அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப புதுசு போடுங்க மேடம். என் கண்ணு முன்னாடியே பிரிங்க."

சிரித்துக்கொண்டே புதுக் கவரைப் பிரித்தார். அன்று சாயங்காலம் கொஞ்சம் வலித்தது. ஒரு மாத்திரையில் அடங்கியது.

மறுநாள் தேர்வு. இரும்பில் சரியான அளவுக்குத் துளை போட்டுக் காட்ட வேண்டும். எனக்கென்று ஒதுக்கிய மெஷினில் மாட்டியிருந்த பிட்டின் முனை மழுங்கியிருந்தது. கொடுத்ததை வைத்து ஓட்டுவதுதான் கான்ட்ராக்ட் ஆட்களின் வழக்கம். முந்தின நாள் டாக்டரிடமே கேட்டவன் இன்றைக்கு ஏன் மென்று முழுங்க வேண்டும் என்று தோன்றியது.

"சார், இந்த பிட்டுல துளை அளவு சரியா நிக்காது. புதுசு குடுங்க, போட்டுத் தர்றேன்."

சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். பிட் வரும்வரை நான் மெஷினைத் தொடவில்லை.

இன்றும் அதே கம்பெனி கேன்டீனில், நிரந்தரத் தொழிலாளிகளில் ஒருவனாக உட்கார்ந்து, அந்தப் பல்லால்தான் சாப்பிடுகிறேன்.