கூரையில் விழுகிற வெயில்

வண்டிக் கூரையில் சோலார் தகடு, அடியில் பற்றரி, இனி எந்தக் காட்டிலும் மின்சாரம் உண்டு என்று சொல்லி விற்பது எங்கள் தொழில். வாங்கியவர் லைற் எரியவில்லை என்று போன் எடுக்கும்போது பதில் சொல்வது என் பங்கு. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வோன்மொபில் வண்டிகளுக்கு ஜேர்மனியில் எசன் நகரத்துப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சோலார் பூட்டுகிறேன். நம்மவர்களும் இந்த வண்டிகளை வாங்கத் தொடங்கியதால்தான் ஜேர்மன் முதலாளியம்மா என்னை வேலைக்கு எடுத்தார். முதல் ஆறு மாதம் புரோபெட்சைட், அதாவது சோதனைக் காலம்; பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம். தமிழ் முறைப்பாடுகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. வாடிக்கையாளரோடு மாரடித்தவர்களுக்கு என் நிலை புரியும்.

மரநிழல்

ஹம்பேர்க்கில் இருக்கும் ஓர் அண்ணை ஏரிக்கரையில் நின்று போன் எடுத்தார். பற்றரி படுத்துவிட்டதாம், நான் பூட்டியது பிழையாம். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். வந்த நாள் தொடக்கம் நல்ல குளிர்மையான மரத்தின் கீழ் என்றார் பெருமையாக. ஜேர்மன்காரர்தான் விசர்த்தனமாக வெட்டவெளியில் விட்டிருக்கிறார்களாம். வண்டியை வெளியே எடுக்கச் சொல்லி மன்றாடினேன்.

“தம்பி, உம்மடை தகட்டுக்கு வெயில் வேணுமெண்டால் அது தனியப் போய் நிக்கட்டும். நாங்கள் கறுக்கேலாது.”

வேறு என்ன போட்டீர்கள்?

லைற், பிரிட்ஜ், போன் மூன்றுக்கும்தான் பற்றரி காணும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிய தம்பதி. முதல் நாள் மாலையே எல்லாம் அணைந்துவிட்டது. வேறு என்ன போட்டீர்கள் என்றேன். ஒன்றுமில்லை என்றார் கணவர். மெல்ல மெல்லத்தான் வந்தது: ரைஸ் குக்கர், பிறகு சம்பலுக்குக் கிரைண்டர். அவ்வளவுதானே என்று நான் மூச்சு விட, அயன் பண்ணினதையும் சொல்லுங்கோ என்று பின்னால் மனைவியின் குரல் கேட்டது. காட்டுக்குள் அயன் எதற்கு என்று கேட்டது என் பிழை. மனைவி போனை வாங்கிவிட்டார்.

“காட்டுக்குள்ளை எண்டாப்போலை கசங்கின சேட்டோடை திரியிறதே?”

வெட்டவெளி

சோதனைக் காலம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது இன்னொரு வாடிக்கையாளர், மங்கை அக்கா, போன் எடுத்தார். நிற்பது வெட்டவெளி, அயன் பெட்டி வீட்டில், நல்ல வெயில், ஆனாலும் பற்றரி ஏறவில்லை. அப்படியென்றால் உங்கள் வேலையில்தான் பிழை, நானே வந்து பார்க்கிறேன் என்றார் முதலாளியம்மா. பிழை என்னுடையதென்றால் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. மின்சாரம் அளக்கும் மீற்றரையும் எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

ஏணி வைத்து ஏறினேன். தகட்டின் மேல் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டியின் மேல் வரிசை வரிசையாக மோர்மிளகாய். இது என்ன அக்கா என்றேன்.

“துணி மெல்லிசுதானே தம்பி. இந்த நாட்டிலை ஒழுங்கா வெயில் விழுற இடம் அது ஒண்டுதான். சும்மா விடேலுமே?”

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். முதலாளியம்மா தானே ஏறிப் பார்த்தார். ஒரு மிளகாயை எடுத்து மணந்து பார்த்தார், கடித்தார், கண்ணால் தண்ணீர் கொட்டியது. இறங்கி வந்து மீற்றரைப் பெட்டிக்குள் வைத்தார்.

“மிளகாயை எந்த மீற்றரும் காட்டாது. நீங்கள் வேலையில் தொடர்ந்து நில்லுங்கள்.”

ஜேர்மன் வெயில் இன்னும் கொஞ்சம் உறைப்பாக அடித்து அந்த மிளகாய் முதல் நாளே காய்ந்து, நாங்கள் போகுமுன் அக்கா அதை அள்ளியிருந்தால், இன்று நான் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பேன்.