ஆற்றில் போன ஆறாம் வார்டு

மொக்லேஸ் பிராமாணிக் மெம்பரான பதினான்காவது மாதம் அவருடைய வார்டு ஆற்றுக்குள் போய்விட்டது.

எங்கள் யூனியன் ஊராட்சியில் ஒன்பது வார்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெம்பர். மூன்று வார்டுக்கு ஒருத்தி என்று பெண் மெம்பர்கள் தனி. நான்கு, ஐந்து, ஆறுக்கு நான். என் பெயர் மொர்ஜினா; எல்லோருக்கும் ஆபா, அதாவது அக்கா. ஆறாம் வார்டு என்பது ஹிஜல்காந்தி என்ற ஒரே ஊர். ஜமுனா ஆற்றின் நடுவே ஒரு பெரிய மணல் திட்டு, முன்னூற்றுச் சொச்சம் வீடு, ஒரு பள்ளிவாசல், தகரக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவையும் ஒரே மழைக்காலத்தில் ஆறு எடுத்துக்கொண்டது.

ஆறு ஊரை எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. என் வீட்டையே நான்கு முறை பிரித்துக் கட்டியிருக்கிறோம். தகரத்தைத் தோணியில் ஏற்றி, அடுத்த திட்டில் இறக்கி, அதே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் நட்டுவிடுவோம். ஆனால் ஹிஜல்காந்தி போன வேகத்தில் எல்லோரும் சேர்ந்து போய் நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை. நாற்பது குடும்பம் வெள்ளத் தடுப்புக் கரைமேல் குடிசை போட்டது. சிலர் டவுன் தறிக்கூடங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் காஜிப்பூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்ச் சந்து சந்தாகச் சிதறினார்கள். ஓட்டர் பட்டியலில் மட்டும் எல்லோரும் இன்னும் ஒரே ஊர். முதியோர் பணம், பிறப்புப் பதிவு, வாரிசுச் சான்று, எதற்கும் மொக்லேஸ் மெம்பரின் கையெழுத்து வேண்டும்.

அதனால் அவர் நடக்க ஆரம்பித்தார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் முத்திரை, மைப்பெட்டி, மனு ஃபாரங்கள், ஒரு துண்டு. திங்கட்கிழமை டவுன், புதன்கிழமை கரை, மாதத்தில் ஒரு வெள்ளி பஸ் ஏறிக் காஜிப்பூர். ஒரு கிழவிக்குக் கண் ஆபரேஷன் முகாம் எங்கே என்று விசாரிப்பார். புருஷன் விட்டுப்போன பெண்ணுக்கு மனு எழுதுவார். யார் வீட்டில் சாவு என்றாலும் போய் உட்கார்ந்திருப்பார். அவர் குடும்பமும் கரைமேல்தான் இருந்தது. மனைவி ஷிரீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் நான் போயிருந்தபோது அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஊரு எங்கன்னு கேட்டா ஆத்தக் காட்டுறாரு. மீனுக்கா நீங்க மெம்பரு?"

"மீனு ஓட்டுப் போட்டா அதுக்கும்தான்" என்றார் அவர், செருப்பு வாரில் ஊசி கோத்தபடி. அந்த வருஷத்தில் அது மூன்றாவது ஜோடி.

ஒருமுறை காஜிப்பூருக்கு நானும் கூடப் போனேன். அங்கே அஞ்சுமனாரா என்று ஒரு பெண். தையல் ஆலையில் காலர் வைக்கிறவள். எட்டு மாதக் கைக்குழந்தை, கூடவே வயதான அப்பா, புருஷன், நான்கு பேருக்கும் ஒரே அறை. குழந்தைக்குப் பிறப்புப் பதிவு வேண்டும் என்றாள். ஃபாரத்தில் நிரந்தர முகவரி என்ற இடம் வந்ததும் மொக்லேஸ் பேனாவை நிறுத்தினார்.

"ஹிஜல்காந்தின்னே எழுதுங்க, சாச்சா" என்றாள் அவள்.

எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. "இல்லாத ஊர எதுக்கும்மா எழுதணும்? காஜிப்பூர்னு போட்டா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்க லேசு."

"ஆபா, இது வாடகை ரூமு. ஏத்திக் கேட்டாங்கன்னா அடுத்த மாசம் வேற சந்து. இதுல எத நிரந்தரம்னு எழுதச் சொல்றீங்க?"

அவள் அப்பா கட்டிலில் படுத்தபடியே, "வடக்குத் தெருன்னும் சேத்து எழுதுப்பா. தெக்குத் தெருக்காரன்னு நெனச்சிடப் போறாங்க" என்றார். மொக்லேஸ் சிரிக்காமல் அதையும் எழுதினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "ஆபா, சொஹ்ராபும் அவன் தம்பி கலுவும் மூங்கில் புதருக்குச் சண்ட போட்டது ஞாபகம் இருக்கா?"

மறக்க முடியுமா. ஒரு புதருக்காக மூன்று முறை ஊர் கூடிப் பேசினோம். மூன்றாவது முறை கலு அரிவாளோடு வந்திருந்தான்.

"நேத்து சொஹ்ராப் ஃபோன் பண்ணான். தம்பி எப்படி இருக்கான், கண்டீங்களான்னு எங்கிட்ட கேக்குறான். தம்பி நம்பர் அவங்கிட்டயே இருக்கு."

"சமாதானம் ஆயிட்டாங்கன்னா நல்லதுதானே, பாய்."

"எங்க சமாதானம்? சண்ட போட எடமில்ல." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "காலைல வாசல்ல ரெண்டு பேர் நின்னு கத்துவாங்க. ஒருத்தன் மாடு இன்னொருத்தன் உளுந்த மேஞ்சிருக்கும். எரிச்சலா வரும். மெம்பர் வேலைன்னா இதானான்னு ஷிரீனாகிட்ட பொலம்புவேன். இப்ப எல்லாரும் எங்கிட்ட மரியாதையா பேசுறாங்க, ஆபா. ஒவ்வொருத்தரும் தனித்தனியா டீ குடுக்குறாங்க. அவங்க எல்லாரும் ஒரு தடவ ஒண்ணா உக்காந்து நான் பாக்கணும். திட்டினாலும் சரி."

அவர் மெம்பரான நான்காம் வருஷம் குளிர்காலத்தில் உபஜிலா வட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வார்டு எல்லைகளைத் திருத்தப்போகிறார்கள், ஆறாம் வார்டை ஐந்தோடு சேர்க்க உத்தேசம், மறுப்பு இருந்தால் யூனியன் அலுவலகத்தில் விசாரணை நாளன்று நேரில் சொல்லலாம் என்று இருந்தது. மொக்லேஸ் அதை மடித்துப் பையில் வைத்தார். பதினொரு நாள் வீட்டுக்கே வரவில்லை. தறிக்கூடம் தறிக்கூடமாக, சந்து சந்தாகப் போய் ஒரே பேச்சுத்தான். "ஒரே ஒரு நாள் வாங்க. எம் மூஞ்சிக்காக வாங்க."

விசாரணையன்று காலை பத்து மணிக்கு அலுவலக முற்றத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கிச்சுரிக்கு அரிசியும் பருப்பும் களைந்துகொண்டிருந்த ஷிரீனா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் சாலை முனைக்குப் போய் நிற்பதும் வருவதுமாக இருந்தார். பதினோரு மணிக்கு முதல் டீசல் வண்டி வந்தது, இருபது பேரோடு. அப்புறம் படகுத்துறையிலிருந்து ஒரு கூட்டம். காஜிப்பூர் பஸ்ஸில் வந்தவர்கள் சாலையிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். மத்தியானம் இருநூற்று அறுபதுக்கு மேல் எண்ணினேன்.

சணல் சாக்குகளை விரித்திருந்தோம். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. வந்தவர்கள் தேடித் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வடக்குத் தெரு வடக்கே உட்கார்ந்திருந்தது. படகுத்துறைத் தெரு ஆற்றுப் பக்கம். பள்ளிவாசலை ஒட்டி இருந்த வீடுகள் நடுவில், இமாமைச் சுற்றி. பக்கத்து வீட்டுக்காரிகள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் தெரு அளவுக்கு வழிகூட விட்டிருந்தார்கள். அந்த வழியில் மொக்லேஸ் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். முகம் எப்படியோ ஆகியிருந்தது.

அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். ஒவ்வொருவரையும் கேட்டார், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று. யாரும் பொய் சொல்லவில்லை. கரைமேல, தறிக்கூடத்துல, காஜிப்பூர்ல. எழுதி எழுதிக் கடைசியில் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மெம்பர் சாப், மனுஷங்க இருக்காங்க, நானே பாக்குறேன். ஆனா எல்லைன்னு எழுத எனக்கு நாலு பக்கமும் தரை வேணுமே."

"நாலு பக்கமும் இவங்கதான் உக்காந்திருக்காங்க, சார்" என்றார் மொக்லேஸ். "அதோ வடக்குத் தெரு. இது படகுத்துறை. நீங்க நாற்காலி போட்டிருக்கீங்களே, அது பள்ளிக்கூடம்."

அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். எங்களோடு கிச்சுரி சாப்பிட்டுவிட்டுப் போனார். விசாரணை இரண்டு மணிக்கே முடிந்தும் கூட்டம் கலையவில்லை. படகுக்காரர்கள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மொக்லேஸ் கடைசிவரை சாக்குகளை மடிக்க விடவில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆறாம் வார்டு ஐந்தில் சேர்ந்தது. அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அவர் தம் குறிப்பில், மக்கள் திரளாக வந்து மறுத்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அடுத்த தேர்தலில் நான் மறுபடி ஜெயித்தேன். மொக்லேஸ் ஐந்தாம் வார்டின் லால் மியாவிடம் தோற்றார். ஐந்துக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஓட்டன்று லீவு கிடைக்கவில்லை.

அவர் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கப் போனார். திங்கட்கிழமை வந்தால் குளித்து, சட்டை மாற்றி, எங்கேயோ கிளம்புகிறவர் மாதிரி நிற்பாராம். ஷிரீனாதான் சொன்னாள். இப்போது அவள் கேலி செய்வதில்லை. ஃபோனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். ஜனங்கள் முறைப்படி லால் மியாவிடம் போக ஆரம்பித்திருந்தார்கள். நான் அதைச் சொன்னபோது, "போகட்டும் ஆபா, அங்க போனாதான் வேலை நடக்கும்" என்றார். சொல்லிவிட்டு, "யார் யார் வந்தாங்க?" என்று கேட்டார். நான் பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார்.

போன சித்திரையில் அஞ்சுமனாராவின் அப்பா காஜிப்பூரில் இறந்தார். நம் பக்கத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹிஜல்காந்தி மையவாடி ஆற்றுக்கடியில். அவள் வண்டியில் உடலோடு கிளம்பியபின் மொக்லேஸுக்கு ஃபோன் செய்தாள்.

அவர் டிக்கெட் புத்தகத்தைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு நேராக லால் மியா வீட்டுக்குப் போனார். தோற்றபின் முதல்முறை. என்னையும் வரச் சொன்னார்.

லால் மியா முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "எலெக்ஷன்ல என்னத் திருடன்னு பேசின ஆளு காலங்காத்தால வந்திருக்காரு."

"பேசினேன். அடுத்த எலெக்ஷன்லயும் பேசுவேன். இப்ப ஒரு குழிக்கு எடம் குடு."

லால் மியா வாய் கொப்பளித்துவிட்டு விவரம் கேட்டார். பின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார். மையவாடிக் கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். லால் மியா அவர்களிடம், "ஓட்டு வாங்குறப்ப அவங்க நம்ம வார்டு, குழி வெட்டுறப்ப மட்டும் வேற வார்டா?" என்று கேட்டார். கிழக்கு வேலியோரம் ஒரு நீளமான இடத்தை ஹிஜல்காந்திக்காரர்களுக்கு என்று விட்டுக்கொடுத்தார்கள்.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். அஞ்சுமனாராவுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். தங்க முடியாது. நாங்கள் மூன்று பேருமாகச் சாலைக்கு நடந்தோம். குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. மொக்லேஸ் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாச்சா, இவள அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேக்கணும். மெம்பர் கையெழுத்து கேக்குறாங்க" என்றாள் அவள், பஸ் தூரத்தில் தெரிந்தபோது.

அவர் குழந்தையை இறக்கிவிட்டார். கை தோள்பக்கம் போயிற்று, பை இல்லை. "லால் மியாகிட்ட கேளும்மா. இப்ப அவர்தான். நல்லா செஞ்சு குடுப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லு."

பஸ் போன பிறகும் அவர் சாலையிலேயே நின்றார். நான் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.