அவிழ்த்துவிட்ட கயிறு

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். போன ஐப்பசியில், என் வண்டியிலேயே வரும் மச்சானும் நானும் கொல்லிமலை ஓடை ஒன்றில், பாறை இடுக்கு வழியாக இறங்கிப் பார்க்கப் போனோம். தார்ப்பாய் கட்டும் கயிறு இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்ற மிதப்பு எனக்கு.

லாரியில் போடும் உருவு முடிச்சையே மரத்தில் போட்டேன். தொங்கும் மறுமுனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். மச்சான் முதலில் இறங்கினார். நான் இறங்கிக் கால் ஊன்றியதும், தினசரிப் பழக்கத்தில் கை தானாக மறுமுனையை இழுத்துவிட்டது. கயிறு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

"ஏனுங் மாப்ள, என்ன பண்ணி வெச்சீங்க?"

இருபுறமும் வழுக்குப் பாறை; முன்னால் அருவி விழும் பள்ளம். மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் செம்மண் நிறமாகி இடுப்புக்கு ஏறியது. மரத்தை நோக்கிக் கயிற்றை வீசி வீசித் தோள் செத்துவிட்டது. தொண்டை கிழியக் கத்தினோம்.

"புள்ளைங்க ஸ்கூல் உட்டு ஊட்டுக்கு வந்திருக்குமுங்க" என்று மச்சான் அழ ஆரம்பித்தார்.

தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது, மிளகுக் கொடி பார்க்க வந்த ஒரு பெண் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "கயித்தச் சுருட்டி வீசுங்க!" நான்காவது வீச்சில்தான் அவர் கைக்கு எட்டியது. அவர் இறுக்கிக் கட்டிக் கொடுக்க, ஒருவர்பின் ஒருவராக ஏறினோம்.

ஓடைப் பக்கம் அதன்பிறகு போகவில்லை. சரக்கு இறக்கும்போதுகூடக் கயிற்றில் கை வைத்ததும் நின்றுவிடுகிறேன். "இழுக்கட்டுங்களா மச்சான்?" என்று கேட்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். மச்சான் சிரிப்பதில்லை.