வெள்ளரிப்பழம் கரைத்த கை

நிந்தவூரில் மாப்பிள்ளையாக இருப்பது லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே கூட்டி வருவதுதான் இந்தக் கரையோரத்து வழக்கம். வந்தவர் ராசா. காற்று வரும் பக்கத்துக் கதிரை அவருக்கு, பொரித்த மீனில் நடுத்துண்டு அவருக்கு. குசினிப் பக்கம் மட்டும் அவர் தலைகாட்டக் கூடாது. மருமகன் அடுப்படியில் நின்றான் என்று வெளியே தெரிந்தால் மாமியின் மானம் கப்பலேறிவிடும்.

றிம்சானும் அப்படித்தான் ராசாவாக வந்து சேர்ந்தான். மருதமுனைக்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். தறியில் உட்காராமல் கல்முனை டவுனில் போன் திருத்தும் கடை போட்டான். கண்ணுக்குத் தெரியாத ஆணிகளைக் கழற்றி, வரிசை பிசகாமல் திரும்பப் பூட்டுகிற கை அவனுடையது. ஒரு போன் சரிவரவில்லை என்றால் சோற்றை மறந்துவிட்டு அதோடு மல்லுக்கு நிற்பான்.

அவன் மனைவி ஸுஹைறா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் உம்மா கமீலா, அந்தக் காலத்து மரியாதை ஒன்றும் குறையாதவர். மருமகனுக்கு முன்னால் உட்கார மாட்டார், சாப்பிட மாட்டார், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மகளிடம் கேட்பார். மகள் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு பூனை இருந்தது.

"இண்டைக்குக் கடைக்குப் போற இல்லையோ தெரியா" என்று பூனையிடம் சொல்வார்.

"பத்து மணிக்குத்தான் போற" என்று றிம்சான் கூரையைப் பார்த்துப் பதில் சொல்வான்.

கலியாணம் முடித்து இத்தனை வருசமும் இருவரும் பூனையை நடுவில் வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. பூனை அந்தளவுக்கு நம்பிக்கையானது.

வீட்டின் தலைவர் மாமா மீராசா. வட்டை விதானை அவர். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்பது அவர் பொறுப்பு. வரம்பில் நின்று ஒரு சத்தம் போட்டால் அடுத்த கண்டத்தில் நிற்பவன் மண்வெட்டியைக் கீழே போடுவான். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பெருமை அடிப்பார்.

"எங்கட வீட்டு வெள்ளரிப்பழ ஜூஸ் குடிச்சீங்களா? கமீலாட கைப்பக்குவம். வேற எங்கயும் கிடைக்கா."

பொய்யில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கி, ஊரே அடுப்புக்குள் வைத்ததுபோல வேகும் மாதங்களில், அந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் அதைக் குடிக்காமல் போனதில்லை. புது மாப்பிள்ளையாக வந்த முதல் கிழமையே றிம்சானுக்கு ஒரு பெரிய கிளாஸ் வந்தது. வயிறு குளிர்ந்து, காது வரைக்கும் குளிர்ந்தது. பழம் கரைக்கிற நாளில் குசினிக் கதவு சாத்தியிருக்கும், ஸுஹைறாகூட உள்ளே போக முடியாது. உள்ளே மாமாவின் இருமலும் கேட்கும். மாமியோடு ஏதோ குடும்பக் கதை பேசுகிறார் என்று றிம்சான் நினைத்துக்கொள்வான்.

இந்த வருசம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் மீராசா மௌத்தாகிவிட்டார். வயலுக்குப் போகச் சாரத்தை மடித்துக் கட்டியவர், அப்படியே வாசலில் உட்கார்ந்தார், எழும்பவில்லை. கமீலா வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இருக்கிற இத்தாவை உள்ளறையில் இருக்கத் தொடங்கினார்.

அழுகை சில நாளில் ஓய்ந்தது. ஆனால் சாப்பாடு நின்றுவிட்டது. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி, தேத்தண்ணி வைத்தால் அரைவாசி. கச்சானும் தொடங்கிவிட்டது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், தொழுதுவிட்டு எழும்பச் சுவரைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் போட்டு சேலைன் ஏற்ற வேண்டிவரும் என்றார். இத்தா முடியாமல் வாசற்படி தாண்ட மாட்டேன் என்று கமீலா ஒரே பிடியாக நின்றார்.

"உம்மா, வெள்ளரிப்பழமெண்டா குடிப்பீங்கதானே?" என்று ஸுஹைறா கெஞ்சினாள். "எப்பிடிச் செய்றெண்டு சொல்லித் தாங்க. நான் செய்றன்."

கமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒண்டும் தெரியா புள்ள."

துக்கத்தில் சொல்கிறார் என்று ஸுஹைறா விட்டுவிட்டாள். பழத்தை வாங்கி வந்து பிளெண்டரில் போட்டு அடித்தாள். விதையும் சதையும் ஒன்றாக அரைபட்டு, நுரை தள்ளி, சவர்க்காரத் தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. உம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். ஸுஹைறா குசினிக்குள் நின்று அழுததை றிம்சான் கேட்டான்.

அன்றிரவு அவன் மனைவியிடம் சொன்னான்: "நான் செஞ்சு பாக்கட்டா?"

"மச்சான், உங்களுக்கு என்ன பைத்தியமா? உம்மாக்குத் தெரிஞ்சா பச்சத்தண்ணியும் குடிக்க மாட்டா."

"தெரியாமச் செய்வம். நீங்க செஞ்சதெண்டு குடுங்க."

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில், காரைதீவு ரோட்டோரத்தில் வெள்ளரிப்பழம் விற்கும் வேலப்போடியிடம் பைக்கை நிறுத்தினான். வெள்ளரிப்பழம் பொல்லாதது. பழுத்ததும் படாரென்று வெடித்துவிடும். அதனால்தான் வாழைச் சருகால் சுற்றிக் கட்டி வைப்பார்கள். நேற்றுக் காய், இன்று பழம், நாளைக்குக் குப்பை.

"விதானையார்ட மருமகனா?" வேலப்போடி ஆளை அடையாளம் கண்டுகொண்டார். "அவரெண்டா ஒவ்வொண்டா மூந்து பாத்துத்தான் எடுப்பாரு. எடுத்தா, கைப்புள்ளையத் தூக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கித்துப் போவாரு. நல்ல மனிசன் தம்பி." தானே ஒரு பழத்தை மூக்கருகே வைத்து மூந்து பார்த்து, அவன் கையில் வைத்தார்.

மாமி லுஹர் தொழுகைக்கு நிற்கும் நேரம் பார்த்து றிம்சான் குசினிக்குள் நுழைந்தான். தோலை உரித்தான். போனைத் திறந்து பார்க்கிற அதே பொறுமையோடு விதையை எல்லாம் வழித்து எடுத்தான். மாப்போல இருந்த சதையைக் கையாலேயே பிசைந்தான். தேங்காய் திருவி, முதற்பாலை மட்டும் பிழிந்து ஊற்றினான். சர்க்கரையைச் சீவிப் போட்டு, ஒரு கிள்ளு உப்பும் போட்டான். ஐஸ் போடவில்லை. ஐஸ் போட்டால் தேங்காய்ப்பால் கட்டிபட்டு நாக்கில் ஒட்டும் என்பதை முதலில் ஒரு கிளாஸைக் கெடுத்துப் படித்துக்கொண்டான். பிறகு சட்டியை ஈரச் சீலையால் சுற்றி, ஜன்னலடியில் கச்சான் படுகிற இடத்தில் வைத்தான். ஊரைப் பொசுக்குகிற காற்று, அந்தச் சட்டியை மட்டும் குளிரப் பண்ணிக் கொடுத்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸுஹைறா அதை உள்ளே கொண்டுபோனாள். அரைக் கிளாஸ் குறைந்து திரும்பி வந்தது. இருவரும் அந்தக் கிளாஸைப் பார்த்து நின்றார்கள், ஏதோ சோதனையில் பாஸான பிள்ளைகள் மாதிரி.

"ஆரு செஞ்சதெண்டு கேட்டா. நானெண்டன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல. என்ட கையத்தான் பாத்தா."

ஒவ்வொரு நாளும் அவன் மத்தியானம் கடையைப் பூட்டினான். வாடிக்கைக்காரர்கள் ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டான். மாமி கிளாஸை முடிக்கத் தொடங்கினார், கூடவே கொஞ்சம் சோறும் இறங்கியது. மனைவியைப் பெற்றவள் என்பதற்காக, தன் முகத்தை ஒரு தரம்கூட நேரே பார்க்காத பெண்ணுக்காக, பேர் கிடைக்காத ஒரு வேலையை இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? சந்தியில் நின்று நெஞ்சை நிமிர்த்தும் ஆம்பிளைகளில் பத்தில் ஒருவனுக்கு வந்தால் பெரிய காரியம்.

ஆனால் ஆடி மாதம் நடுவில் கிளாஸ் மறுபடி மீதியோடு வரத் தொடங்கியது. "ஏதோ ஒண்டு குறையுதாம்" என்றாள் ஸுஹைறா. "என்னண்டு கேட்டா, தெரியாதாம்." றிம்சான் இஞ்சி போட்டுப் பார்த்தான், ஏலம் போட்டுப் பார்த்தான். முதல் கிழமை தனக்கு வந்த அந்தக் கிளாஸை நாக்கில் வரவழைக்கப் பார்த்தான். அதில் ஒரு பச்சை வாசம் இருந்தது. எதுவென்று பிடிபடவில்லை. மீதி கூடிக்கொண்டே போனது. சுவரைப் பிடித்து எழும்புவதும் திரும்ப வந்துவிட்டது.

அப்படியொரு நாள், பள்ளிக்கூடத்தில் கூட்டம், வரப் பிந்தும் என்று ஸுஹைறா போன் எடுத்தாள். றிம்சான் மணிக்கட்டு வரைக்கும் பழச் சதையோடு, இதை யார் உள்ளே கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டு நின்றான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால், வெள்ளைச் சீலையோடு கமீலா குசினி வாசலில்.

கையை எங்கே ஒளிப்பது? முடிந்தது என்று நினைத்தான். இனி இந்த மனிசி ஒரு மிடறும் குடிக்காது. ஆஸ்பத்திரிக்கும் வராது. எல்லாம் தன்னால்தான்.

பூனை அவன் காலடியில்தான் படுத்திருந்தது. கமீலா பூனையைப் பார்க்கவில்லை. அவனைக் கடந்து பின்வளவுக்குப் போய், எலுமிச்சை வாசம் வீசும் தேசிமரத்தில் இரண்டு இலை ஆய்ந்து, கழுவிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இதையும் கசக்கிப் போடுங்க மருமகன்."

அவன் வாங்கிக் கசக்கினான். அந்தப் பச்சை வாசம் குசினி முழுக்க எழும்பியது. அதேதான்.

"முதல்ல போடுறதா, கடைசியில போடுறதா எண்டு எனக்குத் தெரியா" என்றார் கமீலா. "குப்பை கூட்டக்குள்ள பழத்தோலோட தேசி இலையும் கிடக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரெண்டு நாளா யோசிச்சு இண்டைக்குத்தான் ஞாபகம் வந்திச்சு."

"ஏன் மாமி, நீங்கதானே செய்ற?"

"நான் ஒரு நாளும் செஞ்சதில்ல. அவர்தான் செஞ்ச."

றிம்சானுக்குச் சாத்திய கதவும் உள்ளே கேட்ட இருமலும் ஞாபகம் வந்தன. வட்டையையே நடுங்க வைத்த விதானையார் இந்த இடத்தில்தான் நின்று பழம் பிசைந்திருக்கிறார்.

"ஸுஹைறா வயித்துல இரிக்கக்குள்ள எனக்கு ஒண்டும் தங்காது. அவர் வயலால வந்து, ஆரும் பாக்காம இதைக் கரைச்சுத் தந்தாரு. தங்கிச்சு. ஆரு செஞ்சதெண்டு எங்க உம்மா கேட்டா. அவட மருமகன் குசினிக்குள்ள நிண்டாரெண்டு சொல்ல வெட்கம். நான்தானெண்டன். அப்பிடியே போயிட்டு. ஊரெல்லாம் என்னைப் புகழக்குள்ள, அவரும் சேந்து புகழ்ந்தாரு."

அவன் கசக்கிய இலையைச் சட்டிக்குள் போட்டான். பிறகு கேட்டான்: "நான் செய்றது உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"முதல் நாளே தெரியும். ஸுஹைறா விதை பொறுக்கிற புள்ளையா?" கமீலாவின் முகத்தில், மௌத்துக்குப் பிறகு முதல் தரம், சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "சொன்னா நீங்க விட்டிருவீங்களெண்டு பயந்து சொல்லல்ல."

அவர் பலகையில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கிளாஸை வாங்கினார். மருமகனுக்கு முன்னால், ஒளியாமல் திரும்பாமல், முழுவதையும் குடித்தார்.

கச்சான் ஓய்கிற நேரம் இத்தா முடிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்து கூடம் நிறைந்தது. ஆளுக்கொரு கிளாஸ் ஸுஹைறா கொண்டுவந்து வைத்தாள். அடுத்த வீட்டு றபீக்கா, ஊருக்கு வானொலி மாதிரி. அவள் காதில் விழுந்தது அஸர் தொழுகைக்குள் மாவடிப்பள்ளி ஊர் வரைக்கும் போய்விடும். அவள் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள்.

"அல்லாஹ்வே, கமீலா ராத்தாட கைப்பக்குவம் அப்பிடியே இரிக்கி."

குசினிக்குள் அடுத்த சட்டியைக் கரைத்துக்கொண்டிருந்த றிம்சான் கையை நிறுத்தினான். வழக்கம்போல மாமி சிரித்துவிட்டு விட்டுவிடுவார், அதுதான் நல்லது என்று நினைத்தான்.

"இது என்ட கை இல்லகா றபீக்கா" என்றார் கமீலா. குரல் நடுங்கவில்லை. "என்ட மருமகன்ட கை. அதுக்கு முன்ன நீங்க எல்லாரும் குடிச்சது அவருட கை. ஸுஹைறாட வாப்பாட கை. நான் ஒரு நாளும் செஞ்சதில்ல."

றபீக்காவின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. யாரோ "விதானையாரா?" என்று மெல்லக் கேட்டார்கள்.

"ஓம். விதானையார்தான்." கமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அவர் இரிக்கக்குள்ள சொல்லிரிக்கணும். பக்கத்துல இரிந்து கேட்டிருப்பாரு."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, மகளிடமும் இல்லாமல் பூனையிடமும் இல்லாமல், எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"மருமகன், இன்னும் ரெண்டு கிளாஸ் கொண்டாங்க. றபீக்காக்குப் பத்தல்ல."

றிம்சான் கையைக் கழுவாமலே கொண்டுவந்தான்.