பூஜ்ஜியம் வாங்கிய பால் வண்டி

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கை அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கப் பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு மாதம். கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு லேத் பட்டறையில் சேர்ந்தேன். அந்த ரேங்க் கார்டில் இன்றுவரை கையெழுத்து விழவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு விளையாட்டு கிடைத்தது. அதில் மார்க் குறைவாக வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன். பூஜ்ஜியம் வாங்கினால் கை தட்டுவார்கள். ட்ரையல்ஸ் என்று பெயர். பாறை, பள்ளம், மரக்கட்டை என்று எவனும் வண்டி ஓட்ட நினைக்காத இடமாகப் பார்த்து ரிப்பன் கட்டி வழி போட்டிருப்பார்கள். அதில் மோட்டார் சைக்கிளை நடை வேகத்தில், கால் ஊன்றாமல் ஓட்டிப் போக வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு மார்க். மூன்று தடவைக்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்றுதான். வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. வேகம் கிடையாது என்று கேட்டதுமே இது எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைத்தேன். விழுவதற்கு வேகம் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

தாம்பரத்துக்கு மேற்கே ஒரு பழைய கல்குவாரி. ஞாயிறு காலையில் ஆறேழு பேர் கூடுவோம். பெரும்பாலும் பெருங்களத்தூர் அடுக்குமாடிகளில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். நான் ஒருவன்தான் மறைமலை நகரில் உதிரிபாகம் கடைகிற லேத்காரன். இடம் பக்கத்து ஊர்ப் பெரியவருடையது. ஒரு காலத்தில் அவர் குடும்பம் அதைச் சுற்றி நெல் போட்டதாம். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு விசிலை வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து அவர்தான் மார்க் போடுவார். எங்கள் கால் தரையில் பட்டால் அவருக்கு அவ்வளவு ஆனந்தம்.

முதலில் வாங்கிய வண்டியில்தான் புத்தி கெட்டது. என் உயரத்தைப் பார்க்கவில்லை, பயத்தைப் பார்க்கவில்லை, வண்டியின் அழகை மட்டும் பார்த்தேன். இருநூறு சிசிக்கு மேல். ஸ்டாண்டை எடுத்தால் என் வலது கால் கட்டைவிரல் மட்டும் பூமியைத் தொடும். ஆக்ஸிலேட்டரை நினைத்தாலே கிளம்பும். மூன்று ஞாயிறு, ஒன்பது வழி, ஒன்பதிலும் ஐந்து. நான்காவது ஞாயிறு அதை ஒரு கம்ப்யூட்டர்காரரிடம் தள்ளிவிட்டேன். அவரிடம் அது சந்தோஷமாக இருக்கிறது.

"ப்ரோ, உங்களுக்கு இன்னும் நல்ல வண்டி வேணும்" என்றார் வெளிநாட்டு ட்ரையல்ஸ் வண்டி வைத்திருந்த ஒருவர். எனக்கு வேண்டியது இன்னும் மோசமான வண்டி என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர் ஸ்கூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய நூறு சிசி வண்டி பத்து வருடமாக வாசலுக்கு வாசல் நின்று நின்று போய்ப் பழகியது. இரண்டாவது கியரையே அது அதிகம் பார்த்திருக்காது. நான் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இத வாங்கி இன்னா சார் பண்ணப்போறீங்கோ?"

"பாறை மேல ஓட்டப்போறேன்."

"நல்ல ரோடு போட்டுக்கீறான், அதுல ஓட்டலாமே சார்?"

இன்ஜின் ஐடிலிங் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. கையை எடுத்தாலும் வண்டி தானாக நகரும். ஏன் என்று கேட்டேன். "அத தொடாதீங்கோ. நான்தான் திருகி வெச்சேன். வண்டி பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும், நான் இந்த சோத்துக் கையால பாக்கெட்ட போட்டுக்கினே போவேன்." தானாக நகரும் வண்டியா? வீட்டுக்குத் தள்ளி வந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்குரூவைத் திருகிக் குறைத்தேன்.

மற்றவர்கள் வண்டியை வேகமாக்கச் செலவழித்த அதே ஆறு மாதத்தில் என் வண்டியை நான் மந்தமாக்கினேன். பால் கூடை மாட்டும் கொக்கிகளையும் சீட்டையும் கழற்றினேன். பின் சக்கரத்துக்குப் ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டதில் முதல் கியரில் என்னோடு நடந்து வரும் அளவுக்கு இறங்கியது. நின்றுகொண்டே ஓட்ட வசதியாக ஹேண்டில்பாரை உயர்த்தி, காலை வைக்கும் கம்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தேன். இன்ஜினுக்குள் சுழலும் மேக்னெட்டுக்கு ஒரு இரும்பு வளையத்தை மதிய இடைவேளையில் லேத்தில் கடைந்து மாட்டினேன். அந்தக் கனத்தால் இன்ஜின் சட்டென்று சீறாது, சட்டென்று அணையவும் அணையாது. ஆக்ஸிலேட்டருக்குள் கேபிள் சுற்றும் உருளையை மட்டும் சின்னதாக நைலானில் செய்தேன். எவ்வளவு முறுக்கினாலும் வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். என் கை பதறும் என்பது எனக்குத் தெரியும். கையைத் திருத்த முடியாது, உருளையைத் திருத்தலாம்.

பாறையில் பிடி கிடைக்க டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கச் சொன்னபோது பஞ்சர் கடைக்காரர், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார்.

வெல்டிங்கும் பெரிய வேலைகளும் பெருங்களத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம். என்னைவிடப் பத்து வயது சிறியவன், கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் வாடும்.

"ண்ணா, எங்கிட்ட வர்ற பசங்க எல்லாம் பிக்கப் வேணும்னு வரானுங்க. நீ ஒர்த்தன்தான் கொறச்சுக் குடுன்னு வர்ற. கடைக்கு முன்னாடி நிறுத்தாத, உள்ள தள்ளிடு. நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பான்?"

"பாறையில விழாம போவணும்பா. அவ்ளோதான்."

"அதுக்குப் பேசாம நடந்து போயேன்."

இதற்கு நடுவே வீட்டுக்காரர். மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கணக்கு என்பதால் அவரைக் கண்டால் இன்னும் கைகட்டி நின்றுவிடுவேன். மாடிப்படிக்குக் கீழே நின்ற சீட்டில்லாத வண்டியைத் தினமும் ஏரிக்கரை நடை முடிந்து வரும்போது பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என் மனைவியைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் அந்தப் பழைய இரும்பை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்.

மனைவி நியாயஸ்தி. "இதோ பாருங்க, ஆறு மாசமா என் நெயில் பாலிஷ எல்லாம் அந்த நட்டு போல்ட்டுக்குப் பூசிட்டிருக்கீங்க. ஒரே ஒரு ஜீரோ வாங்கிட்டு வாங்க. சாருகிட்ட நான் பேசறேன். இல்லேன்னா பழைய இரும்புக் கடைக்குப் போன் போடறேன்."

நெயில் பாலிஷ் விஷயம் உண்மை. நட்டை முறுக்கிய பிறகு அதன் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு விலகினால் நட்டு தளர்ந்தது என்று அர்த்தம். முப்பத்தொரு நட்டுக்குச் சிவப்புக் கோடு போட்டு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் டிக் அடிப்பேன். ரோட்டில் பாம்பு வந்தால், மழை வந்தால், விசில் ஊதும் பெரியவருக்கு மயக்கம் வந்தால் என்பதற்கெல்லாம் நோட்டில் தனிப் பக்கம் உண்டு.

மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் கிளட்ச் கேபிளில் ஒரு இழை பிரிந்தது போலத் தெரிந்தது. பிரியவில்லை, எனக்குத் தெரிந்தது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, புதுக் கேபிள் போட்டு, காலையில் லோடு ஆட்டோவில் நேராகக் குவாரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். சீட்டில்லாததை ரோட்டில் ஓட்ட முடியாதே.

காலையில் அவனும் ஆட்டோவில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. "ண்ணா, இன்னிக்கி பாரு" என்றான். கேபிளைச் சொல்கிறான் என்று நினைத்தேன். முப்பத்தொரு கோடும் நேராக இருந்தன. டிக் அடித்தேன். உதைத்து ஸ்டார்ட் செய்து சூடாக விட்டேன். சும்மா முறுக்கிச் சத்தம் கிளப்புகிறவர்களைக் கண்டாலே ஆகாது என்பதால் முறுக்கிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மூன்று வழி. முதலாவதில் ரிப்பனுக்குள் நுழைந்து, ஒரு சின்னப் பாறைக்காக வழக்கம்போல மணிக்கட்டை மெல்லத் திருப்பினேன். வண்டி பாறையைப் பார்க்கவே இல்லை. முன் சக்கரம் வானத்தைக் காட்டியது. நான் பின்பக்கமாகக் கருவேலஞ்செடியில் உட்கார்ந்தேன். வண்டி தனியாக இன்னும் நாலடி போய்ச் சாய்ந்தது.

விசில். "தம்பி, அஞ்சு!" பெரியவர் குரலில் தீபாவளி.

மெக்கானிக் ஓடி வந்தான். தூக்கி விடத்தான் என்று கையை நீட்டினேன். அவன் வண்டியைத் தூக்கினான்.

"எப்டி ண்ணா? பாஞ்சுச்சா?"

"என்னடா பண்ண?"

"அந்த நைலான் உருளைய தூக்கிப் போட்டுட்டேன். ரேஸ் வண்டி உருளை போட்டுக்கீறேன். கொஞ்சூண்டு முறுக்குனாலே முழுசா தொறக்கும். காசு வேணாம், என் கிஃப்ட்டு."

"நான் கேட்டேனாடா?"

"நீ கேக்க மாட்டண்ணா, அதான். கடைல பசங்க இன்னா சொல்றானுங்க தெரியுமா? ஆம வண்டி ரெடி பண்றவன்னு எனக்கு பேரு வெச்சுட்டானுங்க. ஆறு மாசமா பேஜாரா கீது. ஒரு தபா, ஒரே தபா, நம்ம வண்டி பாயறத இங்க கீறவனுங்க பாக்கட்டும்னு…"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். முள் குத்திய இடத்தில் கை போனதால் திட்டு வெளியே வரவில்லை. பழைய உருளை எங்கே என்று கேட்டேன். கடையில் இருக்கிறது, கடை பூட்டியிருக்கிறது, சாவி வீட்டில், வீட்டில் எல்லாரும் வண்டலூர் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். கேட்கக் கேட்க அவன் சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

மாடிப்படியின் காலி மூலை கண் முன்னால் வந்தது. கணக்கு வாத்தியார் அந்த மூலையில் துளசித் தொட்டி வைப்பார் என்றுகூட யோசித்துவிட்டேன். பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு, மோசமானதை முதலிலேயே முழுக்கப் பார்த்து முடித்துவிடுவான். அப்புறம் வேறு யோசிக்க நேரம் இருக்கும். எனக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது பால்காரரின் கை. ஒரு கையால் பாக்கெட் போட்டுக்கொண்டே போன அந்த வலது கை.

"ஸ்குரூ டிரைவர் வெச்சிருக்கியா?"

"இன்னா ண்ணா பண்ணப்போற?"

"ஆக்ஸிலேட்டர தொடப்போறதில்ல."

ஐடிலிங் ஸ்குரூவை, நான் எந்தப் பயத்தில் குறைத்தேனோ அதே பயத்தோடு, பால்காரர் வைத்திருந்த இடம்வரை திருகி ஏற்றினேன். இன்ஜின் டுகுடுகுவென்று நிமிர்ந்தது. வலது கையில் ஆக்ஸிலேட்டர் இருந்தாலும் இல்லாத மாதிரி, ஒரு விரலைப் பிரேக்கில் மட்டும் வைத்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் இடது கை கிளட்ச்.

இரண்டாவது வழியில் பழக்கதோஷத்தில் கை ஒரு தடவை முறுக்கிவிட்டது. இரண்டு தடவை கால் ஊன்றி, கத்தி, தப்பித்தேன். பெரியவர் இரண்டு விரலைக் காட்டினார்.

மூன்றாவதில் ஒரு சரிவு, இரண்டு பாறை, கடைசியில் குறுக்கே ஒரு பனங்கட்டை. கட்டைக்கு அந்தப் பக்கம் முடிவு ரிப்பன். மெக்கானிக் ரிப்பனுக்கு வெளியே என்னோடு கூடவே நடந்தான். வண்டியின் வேகம் அவனுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. சரிவில் ஏறும்போது இன்ஜின் முனகியது. முதல் பாறை, இரண்டாம் பாறை. கட்டையில் முன் சக்கரம் ஏறியதும் சத்தம் டுக்… டுக்… என்று அறுந்தது. வலது மணிக்கட்டு அரித்தது.

"முறுக்காத ண்ணா! முறுக்காத!" கத்தியது அவன்தான். "உனுக்குப் புண்ணியமாப் போவும், முறுக்காத!"

முறுக்கவில்லை. நான் கடைந்த இரும்பு வளையம் உள்ளே இன்னும் ஒரு சுற்று சுற்றியது. டுக். பின் சக்கரம் கட்டையில் ஏறி, யோசித்து, இறங்கியது. ரிப்பன் என் தோளில் உரசிப் போனது.

விசில் வரவில்லை. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, குடையை மடக்கி, கட்டைவரை நடந்து வந்து மண்ணில் கால் தடம் இருக்கிறதா என்று குனிந்து தேடினார். எதுவும் கிடைக்காத ஏமாற்றத்தோடு அட்டையில் ஒரு வட்டம் போட்டார்.

கம்ப்யூட்டர்காரர்கள் கை தட்டினார்கள். மெக்கானிக் அவர்களிடம் போய், "நான்தான் உருளைய மாத்தினேன், அதான் ஜீரோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பொய் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்து அட்டையை மனைவியிடம் கொடுத்தேன். ஐந்து, இரண்டு, பூஜ்ஜியம். அவள் சொன்னபடியே அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் படிக்குக் கீழே வண்டிப் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

வாத்தியார் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"போகப் போகக் கொறஞ்சுட்டே வந்திருக்கேம்மா. கடைசியில ஜீரோவா?"

"ஆமா சார்."

"எத்தனை மாசம் ப்ராக்டிஸ் பண்ணினார்?"

"ஆறு மாசம் சார்."

"பாவம். மனசு விட்டுடக் கூடாது. வண்டி அங்கேயே இருக்கட்டும், நல்லாப் பழகச் சொல்லுங்க. அடுத்த தடவை பாஸாயிடுவார்."

மனைவி ஒன்றும் விளக்கவில்லை. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து அட்டையை என் கையில் திணித்தாள். ஓரத்தில், பார்த்ததற்கு அடையாளமாக, வாத்தியார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.