கணக்கு இரண்டு முறை, பயாலஜி பூஜ்யம்

பிரின்சிபால் நாற்காலிக்குப் பின்னால் பதினேழு கோப்பைகள் இருந்தன. அதில் நான்கு, கபடிக்கு. சரி, பள்ளியில் விளையாட்டு மைதானம் எத்தனை என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்... ஒன்றுகூட இல்லை.

காக்க வைத்தால் எண்ணத்தானே செய்வேன்? வயசானவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

போன வாரம் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில்தான் இப்படி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முருகேசன். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள் கோமதி, பத்தாம் வகுப்பு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முருகேசன் பாய்லர் ஆபரேட்டர். சித்தூரில் என் வீட்டு மாடியில் குடியிருந்தவர். மாம்பழ சீசன் முழுக்க அங்கே கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசன் முடிந்தால் பாய்லர் ஆறிவிடும். அவர் வேறு நெருப்பைத் தேடிப் போகவேண்டும். இந்த வருஷம் திருப்பதியில், லாட்ஜ் துணிகளை வெளுக்கிற லாண்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. தசரா லீவிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

பத்தாவது படிக்கிற பெண்ணை நடுவில் பள்ளி மாற்றலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஒரே மேனேஜ்மென்ட் சார். சித்தூர்ல ஒரு பிராஞ்ச், திருப்பதில ஒரு பிராஞ்ச். அதே புக்கு, அதே யூனிஃபார்ம். புதுசா துணிகூட தெக்க வேணாம்."

யூனிஃபார்ம் சரியாகத்தான் இருந்தது. பாடம்தான் பொருந்தவில்லை.

அந்த மேனேஜ்மென்ட் இந்த வருஷம் ஒரு செமஸ்டர் முறை கண்டுபிடித்திருக்கிறது. ஆறு பாடத்தையும் வருஷம் முழுக்க நடத்தினால் பிள்ளைகளின் கவனம் சிதறுகிறதாம். ஆகவே தசராவுக்கு முன்னால் மூன்று பாடம், பின்னால் மூன்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஜூனில் படித்த கணக்கு மார்ச் பரீட்சை வரைக்கும் மண்டையில் தங்குமா? அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. சித்தூரில் முதல் செமஸ்டருக்குக் கணக்கு, இங்கிலீஷ், ஹிந்தி. அதே மாதங்களில் திருப்பதியில் சயன்ஸ், சோஷியல், தெலுங்கு. தசராவுக்குப் பிறகு அப்படியே தலைகீழ். ஏன்? இரண்டு ஊருக்கும் சேர்த்து வாத்தியார்கள் ஒரே செட்! அரை வருஷம் அங்கே, அரை வருஷம் இங்கே. பிள்ளைகள் சிதறக்கூடாது என்று வாத்தியார்களைச் சிதறடித்திருக்கிறார்கள்.

கோமதி திருப்பதி பள்ளிக்குப் போன முதல் நாள். வகுப்புக்குள் வந்தவர் சித்தூரில் பாடம் நடத்திய அதே கணக்கு சார். "நீயும் வந்துட்டியா?" என்றாராம். போர்டில் எழுதியதும் ஜூனில் எழுதிய அதே முதல் கணக்கு. அவர் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து கணக்கில் அவள்தான் முதல். விட்டுப்போன பாடங்களில் தெலுங்கும் சோஷியலும் தானே படித்துக்கொள்வாளாம். ஃபிசிக்ஸை கணக்கு சாரே மதிய இடைவேளையில் சொல்லித் தருகிறார். பயாலஜிக்குத்தான் ஆள் இல்லை. அவளுக்கோ அடுத்த வருஷம் பயாலஜி குரூப்பான பைபிசி எடுத்து, பிறகு நர்சிங் போகவேண்டும். சின்ன வயசிலிருந்து அதே பிடிவாதம். பயாலஜிக்கு ஒரு வழி கேட்கத்தான் முருகேசன் என்னையும் கூட்டி வந்திருந்தார்.

பிரின்சிபால் வந்தார். டென்ஷன் வத்து சார், டென்ஷன் வேண்டாம் என்று இரண்டு மொழியிலும் ஆறுதல் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் எத்தனை பயாலஜி வகுப்பு?

"செகண்ட் செமஸ்டர்ல இருக்கு சார்."

"அது சித்தூரில்."

"ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல..."

"அது இங்கே. அப்போது இவள் அங்கே."

அவர் மார்க் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண் எதற்கு பைபிசி எடுக்க வேண்டும்? கணக்கு குரூப், எம்பிசி எடுக்கட்டும், இன்ஜினியர் ஆகட்டும்... இது பிறவியிலேயே வந்த திறமை என்றார்.

ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துவது, இன்னொன்றை நடத்தாமலே விடுவது, பிறகு பிள்ளையின் திறமையைக் கண்டுபிடிப்பது. இதுவல்லவா கல்வி!

முருகேசனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு வந்ததும் மகளிடம் எம்பிசி பேச்சை எடுத்தார்.

"ரெண்டு வாட்டி படிச்சா யாருக்கும் கணக்கு வரும் நைனா," என்றாள் அவள். "நீ வந்து ஒக்காந்தா உனக்கும் வரும்."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருவேளை அப்பன் சொல்கிற வழிக்கே வந்துவிடுவாளோ?

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விடிந்ததும் சித்தூர் பஸ். வழியனுப்ப வந்த கோமதி, யூனிஃபார்மோடு என் பின்னாலேயே பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாவது வரிசையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

யார் என்று கேட்டேன்.

"பயாலஜி மேடம் தாத்தா. வீடு திருப்பதி. இந்த செமஸ்டர் சித்தூருக்கு தினமும் போய்க்கினு இருக்காங்க."

இவள் பாதி வழி வரை கூடவே போவாள். இறங்கி எதிர் பஸ் பிடித்து, ஸ்கூல் பெல்லுக்குள் திரும்பிவிடுவாள். பெண்களுக்கு இப்போது பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. ஃபீஸ் வாங்குகிற இடத்தில் நடக்காத பாடம் இலவச பஸ்ஸில் நடக்கிறது!

இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?

"டியூஷன் எடுத்தா வேலைய விட்டு எடுத்துடுவாங்க தாத்தா. இது டியூஷன் இல்ல. ரெண்டு பேர் பஸ்ல பேசிக்கினு போறோம், அவ்ளோதான். நைனாகிட்டயும் சொல்லாதீங்க, காலைல ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன். ரிசல்ட்டு வரட்டும்."

அந்த மேடத்தின் பெயரை நான் கேட்கவில்லை. எத்தனை மணி பஸ், எந்த ஸ்டாப் என்றும் எழுதமாட்டேன். மேனேஜ்மென்டில் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்துத் தொலைத்தால்?

அன்றைய பாடம் ஜீரணம். தின்ற இட்லி வாயில் என்ன ஆகிறது, உணவுக்குழாயில் எப்படி இறங்குகிறது... குலுங்கக் குலுங்க நடந்தது. முன் சீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். கோமதி இறங்கவேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது.

"இட்லி இப்ப ஸ்டமக்ல இருக்கு," என்றார் மேடம். "ஸ்மால் இன்டெஸ்டைன் நாளைக்கு."

இட்லி எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நல்லவேளை... குடலுக்கு இன்னும் யாரும் செமஸ்டர் போடவில்லை!